காந்த மனிதன், இரண்டாம் கேசட்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, மழையைக் காணோம். குக்கர் கேஸ்கட் வாங்க வேண்டும். (மூன்றாவது நாளாக இதையே எழுதுகிறேன். வெட்கமே இல்லை.)

வேலைக்குப் போனதும் ஒரு பெட்டி இரும்பு பிராக்கெட்டைச் சோதித்தேன். பதினொன்றைக் கழித்தேன். எல்லாம் துரு. சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போனது. போகட்டும். துருவைப் பார்த்தும் பார்க்காததுபோல் விடுவதற்கா எனக்குச் சம்பளம்?

டீ நேரம். கேன்டீன் மூலையில் ஒரே சத்தம். பாக்கிங் பிரிவு தேசிங்கின் செல்போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எட்டிப் பார்த்தேன். இட்லித் தட்டைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு, முகம் முழுக்கக் காவிப் பொடி அப்பிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை. நடுவில் ரயில் ஒன்று கடகடவென்று போனது. வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரித்தாள்.

அது நான். பத்தொன்பது வயதில்.

"இன்னாக்கா, பேயப் பாத்த மாரி நிக்கிற?" தேசிங்கு. "சூப்பர் ஹீரோ படமாம்க்கா, அந்தக் காலத்துது. நம்ம எஸ்டேட்லயே எடுத்துகீறானுங்கோ."

"நல்லாவே இல்ல," என்றேன்.

"நல்லா இல்லாததுதான்க்கா நல்லாகீது."

யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. முப்பது கிலோ கூடியதில் இப்படி ஒரு லாபம்.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தேன். ஜெனி உடனே ஒப்புக்கொண்டாள். பரணில் இருந்த கேசட்டை யாரிடமோ கொடுத்து மாற்றி, நெட்டில் போட்டுவிட்டாளாம். "மம்மி, ஆயிரக்கணக்குல பாத்துட்டாங்க. உங்க சிரிப்ப ரிங்டோனா வச்சிருக்காங்க."

"டாடிக்குத் தெரியுமா?"

"அத நீங்க சொல்லுவீங்கன்னு..."

என் தலையில்தான் விடியுமா எல்லாம்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை இல்லை. தலைவலி. சூப்பர்வைசர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜெனி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மறப்பதற்குள்:

படம்: காந்த மனிதன். இனி கா.ம. உள்ளூர் கேபிளில் போடுவதற்காக ஸ்டீபன் எடுத்தது. அப்போதும் அவர் கல்யாண வீடியோக்காரர்தான். எனக்கு இன்னும் கணவர் ஆகவில்லை. கோயில் பாடற்குழுவில் எனக்குப் பின்வரிசை.

கதை: பட்டறைத் தொழிலாளி ஒருவர்மேல் மின்னல் விழுந்து காந்த சக்தி வருகிறது. எங்கள் தொழிற்பேட்டை எஸ்டேட்டின் இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கத் துருராணி வருகிறாள். அவ்வளவுதான்.

பறப்பது: பெஞ்சில் குப்புறப் படுத்து, எதிரில் டேபிள் ஃபேன், பின்னால் நீலப் போர்வை. பெஞ்சின் ஒரு கால் நன்றாகத் தெரியும்.

மேலங்கி: தவக்காலத்தில் கோயில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, மூடும் ஊதாத் துணி. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்தது. வெல்டிங் பொறி பட்டு ஓட்டை. அடுத்த தவக்காலத்தில் சூசையப்பர் முழங்காலில் ஓட்டையோடு நின்றார். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட யாரும் இதைச் சொல்லவில்லை.

எஃபெக்ட்: ஆவடி வீடியோ மிக்ஸிங் கடையில் கல்யாண எஃபெக்ட் மட்டும்தான் இருந்தது. ஆகையால் பாய்லர் வெடித்தால் ரோஜா இதழ் கொட்டும். வில்லியின் அடியாள் செத்தால் இதய வடிவத்துக்குள் சாவான்.

ஸ்டீ. கை: கல்யாண வீடியோவில் ஒரு சித்தப்பா விட்டுப்போனாலும் சண்டை வந்துவிடும். அந்தப் பயம் அவர் கையிலேயே ஊறிப்போனது. சண்டைக் காட்சி நடுவில் கேமரா மெதுவாகத் திரும்பி, வேடிக்கை பார்க்க நின்ற ஒவ்வொருவரையும் காட்டிவிட்டுத்தான் திரும்பும். ஒருவர் கும்பிடுகிறார். ஒரு அம்மாள் முந்தானையைச் சரிசெய்கிறார். அதுவரை கா.ம. அடி வாங்கிக்கொண்டே இருக்கிறார்.

ஹீரோ: முதல் நாள் லூர்து. ஆறடி. இரண்டாம் நாள் அவனுக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். முகமூடியை ஸ்டீ. மாட்டிக்கொண்டார்; பறப்பதும் அவர்தான். ஐந்தடி மூன்று. "காந்த சக்தி கூடினால் உயரம் குறையும்" என்று வசனம் சேர்த்தோம். கேமராவைப் பிடிக்க ஆள் இல்லை. லூர்து உயரத்துக்கு ஸ்டாண்டில் நின்றதை யாரும் இறக்கவும் இல்லை. கிளைமாக்ஸில் முக்கால் திரை வானம், கீழே ஒரு தலை.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பிறகு அது அடங்கிவிடுகிறது. ஒளிபரப்பிய அன்று தெருவே டிவி முன்னால். அந்த வானத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. வாசலில் நின்றிருந்தார் ஸ்டீ. மறுநாளிலிருந்து "குள்ளக் காந்தம்". வருடக்கணக்கில் அதுதான் அவர் பெயர். இன்னொரு படம் எடுக்கவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சொல்லிவிட்டேன். ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"எத்தினி பேர் பாத்தாங்க?"

சொன்னேன்.

"எல்லாரும் சிரிக்கிறானுங்களா?"

"சிரிக்கிறாங்க. ஆனா..."

"அதான் அப்பவே சிரிச்சாங்களே ரெஜி. மறுபடி இன்னாத்துக்கு?"

எழுந்து கை கழுவிவிட்டார். பாதி சோறு தட்டில். ஜெனி அறைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. புத்திசாலி.

நான் படுத்துக்கொண்டு அந்த வீடியோத் துண்டை நாலு தடவை பார்த்தேன். கீழே ஜனங்கள் எழுதியிருப்பதையும் படித்தேன். "பதினோராவது தடவை பார்க்கிறேன்." "பரீட்சையில் ஃபெயில், இதைப் பார்த்துதான் சாப்பிட்டேன்." ஏளனம் செய்கிறவன் எவனாவது பதினோரு தடவை பார்ப்பானா? இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

கேஸ்கட் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மதியம் நல்ல மழை. துணியெல்லாம் நனைந்தது.

வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். பையன் என்ன, முப்பது வயது இருக்கும். கார்த்திகேயன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் அபார்ட்மென்டில் இருக்கிறான், ஐ.டி. வேலை, ஊர் அம்பாசமுத்திரம். சனிக்கிழமை சாயந்திரம் கிளப் ஹவுஸில் பெரிய திரை போட்டு, உலகத்தில் உள்ள மட்டமான சூப்பர் ஹீரோ டிவி படங்களாகத் தேடிப் பார்க்கிற கூட்டம் அவனுடையது. அறுபது எழுபது பேர் சேருவார்களாம். ஜெனியிடம் விலாசம் வாங்கியிருக்கிறான்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "எக்கா, துருராணியா?" கையெடுத்துக் கும்பிட்டான். முப்பது வருடத்தில் அந்தப் பெயரை இத்தனை மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

"கேலி பண்ண வந்தியாப்பா?"

"என்னக்கா இப்பிடிச் சொல்லுதிய! கோடி கோடியா கொட்டி எடுக்கான், பறக்க ஆளப் பாத்தா நமக்குப் பயமே வரமாட்டேங்கு. உங்க ஆளு பெஞ்சுல படுத்துருக்காரு. ஆனா முகமூடிக்குள்ள கண்ணப் பாருங்க, நெசமாவே பறக்காரு. கம்பி தெரிஞ்சாலும் நம்புறவன் ஒருத்தன் திரைக்குள்ள இருக்காம்லா, அவனப் பாக்கத்தான் நாங்க கூடுதோம்."

இதைத்தான் நான் நாலு நாளாகச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பாவி, வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான்.

23ஆம் தேதி திரையிட வேண்டுமாம். ஸ்டீ. வர வேண்டுமாம். ஒரு சிக்கல்: எங்களிடம் இருப்பது முதல் கேசட் மட்டும். துருராணி ஹீரோவைச் சங்கிலியில் கட்டிப்போட்டு, "இனி உன்னைக் காப்பாற்ற யார் வருவார்?" என்று கேட்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் கேசட், கிளைமாக்ஸ், தொலைந்துவிட்டது என்று ஸ்டீ. கல்யாணமான புதிதிலேயே சொன்னார்.

அவர் உள்ளறையில்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை. பையன் போன பிறகு, "டீ குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லீவு போட்டேன். அவர் பூந்தமல்லியில் நிச்சயதார்த்தம் எடுக்கப் போனதும் பரணில் ஏறினேன். கிடைத்தவை: உடைந்த கிறிஸ்துமஸ் ஸ்டார், ஜெனியின் நடைவண்டி, எலி கடித்த தலையணை, நாற்பது ஐம்பது கேசட். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கா.ம. 2 இல்லை.

அடியில் அவருடைய பழைய ஆர்டர் நோட்டு. எந்தக் கல்யாணம், எந்தக் கேசட் என்று எழுதிவைப்பார். சும்மா புரட்டினேன். ஒரு பக்கத்தில் "கா.ம. 2" என்று எழுதி அடித்திருக்கிறது. பக்கத்தில் அவருடைய முத்துக் கையெழுத்தில்: "மரியதாஸ் – ஃபிலோமினா, அண்ணனூர். கல்யாணக் காப்பி. இதன்மேல்."

இதன்மேல்!

தொலையவில்லை. அவரே கிளைமாக்ஸ்மேல் ஒரு கல்யாணத்தைப் பதிந்து யாருக்கோ கொடுத்துவிட்டார். தெரிந்தே. என்னிடம் தொலைந்தது என்றார். பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. அந்தக் காவிப் பொடி போக நாலு நாள் தேய்த்தேன். தெருவில் எனக்கும்தானே கேலி? என்னைக் கேட்க வேண்டாமா?

சாயந்திரம் வந்தார். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்பு. சுதந்திர தினக் கொடியேற்றம் வேறு. காலையில் தூறல்.

"அண்ணனூர் கோயில்ல பூசை பாக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு ஜெனியோடு ரயில் ஏறினேன். பொய் இல்லை. பூசையும் பார்த்தேன். முடிந்ததும் புத்தகக் கடை போட்டிருந்த அம்மாவிடம், "மரியதாஸ் ஃபிலோமினான்னு..." வாக்கியம் முடியவில்லை. "கார் ஷெட் மரியதாஸா? தோ, அந்தச் செகப்பு சட்டை." பெருநாளன்று கோயில் வாசலில் கேட்டால் கிடைக்காத ஆள் கிடையாது.

மரியதாஸ் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகப்போகிறவர். ஃபிலோமினா ஒல்லியாக, சிரித்த முகமாக. நான் தயங்கித் தயங்கி, "உங்க கல்யாண கேசட்டுல, கடைசியில வேற எதாவது..." என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மரியதாஸ் பின்னால் இரண்டடி நகர்ந்து, கையை நீட்டி, கோயில் வாசலிலேயே முழங்கினார்:

"துருராணி! இன்று உனக்கு வெள்ளிக்கிழமை!"

கிளைமாக்ஸ் வசனம். துருவுக்கு எண்ணெய்தானே எதிரி? ஹீரோ என் தலையில் ஒரு செம்பு நல்லெண்ணெயை ஊற்றுவார், நான் நல்லவளாகிவிடுவேன். பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை என்று ஸ்டீ. எழுதியது.

"இன்னிக்குங்கூட வெள்ளிக்கெழமதாம்மா!" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். "வாங்க வாங்க, ஊட்டாண்ட வாங்க."

அவர்கள் வீட்டில் இன்னும் வீடியோ டெக் வேலை செய்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கேசட்டைப் போட்டார். கோயில், மோதிரம், வரவேற்பு. மரியதாஸ் கேக்கை ஃபிலோமினா வாயில் ஊட்டுகிறார். மாப்பிள்ளையின் மாமா மைக்கைப் பிடித்து, "வந்திருந்த அனைவருக்கும் நன்றி..." படக்கென்று திரை நடுங்கி, முக்கால்வாசி வானம். கீழே ஒரு முகமூடித் தலை. என் ஸ்டீ.

முழுக் கிளைமாக்ஸும் இருக்கிறது. கடைசிப் பொட்டு எண்ணெய் வரை.

"மொதல்ல கோவம்தாம்மா," என்றார் ஃபிலோமினா. "இன்னாடா இது, நம்ம கல்யாணத்துல ஒர்த்தன் எண்ணெ ஊத்திகினு கீறானேன்னு. அப்பால பசங்க பொறந்து, அதுங்களுக்கு அதான் புடிக்கும். வருசா வருசம் கல்யாண நாளுக்கு எல்லாம் உக்காந்து கடசி வரைக்கும் பாப்போம். கேக்கு வெட்ற வரைக்கும் தூங்கிடுங்க, இவுரு வந்தாதான் எய்ந்து உக்காருங்க. இப்போ பேரப்புள்ளைங்களும் அப்டித்தான்."

"வெள்ளிக்கெழம எண்ணெ தேய்க்க இவள அந்த டயலாக் சொல்லித்தான் கூப்டுவேன்," என்றார் மரியதாஸ்.

எத்தனை வருடம் என்று கேட்டேன். இருபத்தெட்டு. ஒரு வருடம்கூட விடவில்லை. அப்போதுதான் நான் துருராணி என்று சொன்னேன். ஃபிலோமினா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம், எதற்கென்று தெரியாமல். ஜெனி இதையும் வீடியோ எடுத்தாள். அப்பன் புத்தி.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் ஆர்டர் நோட்டை அந்தப் பக்கம் திறந்தபடி அவர் காபிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காபியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வரியை விரலால் தடவினார்.

"எரிச்சிடலாம்னு அடுப்பாண்ட வரைக்கும் எடுத்துனு போனேன் ரெஜி. மனசு வர்ல. அதான் கல்யாணத்த மேல அடிச்சேன்."

"எரிக்க மனசு வரல, அழிக்க மட்டும் மனசு வந்துச்சாக்கும்?"

தலையைத் தூக்கவில்லை. "அது சின்ன கல்யாணம். ஒன்றரை மணி நேரந்தான் வரும். கேசட்டு மூணு மணி நேரம். கிளைமாக்ஸ் பின்பாதிலதான் இருந்திச்சு, அது மிச்சம் கெடக்கும்னு தெரியும்."

அடப்பாவி மனுஷா. அழிக்கவில்லை. ஒளித்து வைத்திருக்கிறார், ஊரார் கல்யாணத்துக்குப் பின்னால்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணனூர் கதையைச் சொன்னேன். கேக், மாமா, பேரப் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை. நம்பவில்லை. ஜெனி வீடியோவைக் காட்டினாள். மரியதாஸ் கையை நீட்டி முழங்குவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க படம் அண்ணனூர்ல இருபத்தெட்டு வருஷமா ஓடிட்டிருக்குங்க," என்றேன். "யார் படம் அப்படி ஓடியிருக்கு?"

"23ந் தேதி எனக்கு வேல இருக்கு," என்றார். எழுந்து போய்விட்டார்.

வேலை ஒன்றும் கிடையாது. காலண்டரைப் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

- கேஸ்கட் வாங்கியாயிற்று. அளவு தப்பு. மாற்ற வேண்டும்.
- கார்த்திகேயன் போன். முதல் கேசட்டையும் இரண்டாவதையும் ஒட்டும்போது நடுவில் கல்யாணத்தை வெட்டிவிடவா என்று கேட்டான். கேக்கும் மாமாவும் இருக்கட்டும் என்றேன். "எக்கா, நீங்கதான் டைரக்டர்," என்றான்.
- மரியதாஸ் குடும்பம் ஒன்பது பேர் வருகிறார்கள். வேன் பேசியாயிற்று.
- தேசிங்கிடம் உண்மையைச் சொன்னேன். செல்போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு: "யக்கா, ஒரே ஒரு தபா சிரியேன்." முறைத்தேன். "இதுவும் நல்லாகீதுக்கா," என்றான்.
- ஸ்டீ. சாப்பிடும்போது கேட்டார், சாதாரணமாகக் கேட்பதுபோல்: "திரை எத்தினி அடியாம்?" தெரியாது, வந்து பாருங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மாலை ஐந்தரை. ஏரிக் காற்று. கிளப் ஹவுஸில் நாற்காலி போதாமல் தரையில் பாய். அறுபது பேர் என்றான், நூறுக்குக் குறையாது. மரியதாஸ் வேட்டி சட்டையில், கல்யாணத்துக்கு வந்ததுபோல. தேசிங்கு எங்கள் பிரிவு முழுவதையும் கூட்டிவந்துவிட்டான், அந்தச் சூப்பர்வைசர் உட்பட. ஸ்டீ. வரவில்லை. கிளம்பும்போது லுங்கியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்து இடம் பிடித்தேன்.

விளக்கை அணைத்தார்கள். பெஞ்சின் கால் தெரிந்ததும் கைதட்டல். சண்டை நடுவில் கேமரா திரும்பி ஒவ்வொருவராகக் காட்டியபோது, கும்பிட்ட ஆளுக்கு நூறு பேரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். ரயில் வந்தது, கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ரயில் போய் நான் மறுபடி சிரித்தேன் பாருங்கள், கூரை போய்விட்டது. நான் முதலில் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு விரலைக் கொஞ்சம் விலக்கினேன். பிறகு கையை எடுத்தேவிட்டேன். அந்தப் பெண் நன்றாகத்தான் நடித்திருக்கிறாள். பயமே இல்லாமல், வாய் நிறைய. எனக்கே தெரியாமல் போயிற்றே இத்தனை நாள்!

"இனி உன்னைக் காப்பாற்ற யார் வருவார்?"

கேக். மரியதாஸ் ஊட்டுகிறார். ஒரு நொடி ஒன்றும் புரியாமல் நிசப்தம். மாமா மைக்கைப் பிடித்து: "வந்திருந்த அனைவருக்கும் நன்றி!"

அப்படி ஒரு சிரிப்பை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. ஒருவர் நாற்காலியிலிருந்தே விழுந்தார். என் சூப்பர்வைசர்தான்.

முக்கால்வாசி வானம். கீழே தலை.

அந்தக் காலத்துத் தெரு ஞாபகம் வந்தது. இங்கேயும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்கள். "வந்துட்டாம்லே!" என்று கார்த்திகேயன் கத்தினான். அண்ணனூர் வரிசையில் ஒன்பது பேரும், பேரப் பிள்ளைகள் உட்பட, வசனத்தை வரிக்கு வரி கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் சத்தம் அடங்கி அவர்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். செம்பு உயர்ந்தது. மரியதாஸ் திரும்பி இரண்டு கையையும் தூக்கினார். நூறு பேரும் ஒரே குரலில்:

"துருராணி! இன்று உனக்கு வெள்ளிக்கிழமை!"

எண்ணெய் வழிந்தது. ரோஜா இதழ் கொட்டியது. இதயத்துக்குள் நான் நல்லவளானேன்.

விளக்குப் போட்டதும் பின்னால் பார்த்தேன். கதவோரம், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், ஹெல்மெட் போட்டபடி ஒருவர். அதன் முன்கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. ஐந்தடி மூன்று.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "முகமூடியக் கழட்டுங்க காந்த மனிதா!"

நூறு தலை திரும்பியது. அவர் ஓடப் பார்த்தார். தேசிங்கு வாசலை மறித்து நின்றான். "அண்ணாத்தே, எங்க போற? கய்ட்டு கய்ட்டு!" மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்க ஈரம். கைதட்டல் நிற்கவே இல்லை. ஃபிலோமினா நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எங்க கல்யாணத்துல நீங்கதான் ஸ்பெசல்." ஸ்டீ. சொன்னது இவ்வளவுதான்: "ஸ்டாண்ட எறக்க மறந்துட்டேன்."

அதற்கும் கைதட்டல்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் தலையை வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நல்ல வெயில். கேஸ்கட் மாற்ற மறுபடி மறந்தாயிற்று.

முதல் பூசை முடிந்து வந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஏதோ உருட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஸ்டாண்ட் விரித்திருக்கிறது. அதன்மேல் அவருடைய புது கேமரா. இட்லிப் பாத்திரத்திலிருந்து ஒரு தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"ரெஜி, ஒனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு வருமா?"

"எதுக்கு?"

"சும்மா. பாக்கலாம்னு."

அடுப்பை அணைத்தேன். ஜன்னல் ஓரம் நிற்கச் சொன்னார். தட்டை என் தலையில் கவிழ்த்தார், இரண்டு தடவை சரிசெய்தார். போய் ஸ்டாண்டைப் பார்த்தார். குனிந்து, திருகைத் தளர்த்தி, ஒரு சாண் இறக்கினார். மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன்.

கையைத் தூக்கினார்.

"இரு ரெஜி. ரயில் போவட்டும்."